ஜெர்மன் சிற்றூரின் கேடயத்தில் இருக்கும் சாவி யாருடையது?

வாசகர் ஒருவரின் கேள்வி இதுதான்: எங்கள் ஊர் ரைன் ஆற்றை ஒட்டிய ஒரு ஜெர்மன் சிற்றூர். ஊராட்சி அலுவலக வாசல், தீயணைப்பு வண்டி, ஊர் எல்லைப் பலகை என எங்கு பார்த்தாலும் ஒரே கேடயச் சின்னம். மேல் பாதியில் இடப்பக்கம் கறுப்பின் மேல் பொன்னிறச் சிங்கம், வலப்பக்கம் வெள்ளையும் நீலமுமான சாய்சதுரங்கள். கீழ்ப் பாதியில் சிவப்பின் மேல் ஒரு வெள்ளைச் சாவி. சிங்கம் வீரத்தையும், நீலம் விசுவாசத்தையும், சிவப்பு தியாகத்தையும், சாவி அறிவையும் குறிக்கும் என்று ஓர் இணையதளம் சொல்கிறது. இது சரியா?

இல்லை, நான்கில் ஒன்றுகூடச் சரியில்லை. அந்தப் பட்டியலை எந்த ஊரின் கேடயத்துக்கு வேண்டுமானாலும் ஒட்டலாம். எல்லா ஊருக்கும் பொருந்துகிற விளக்கம் எந்த ஊரைப் பற்றியும் எதுவும் சொல்வதில்லை. ஜெர்மன் ஊர்க் கேடயத்தைக் குணங்களின் பட்டியலாக வாசிக்காதீர்கள். பட்டா, சிட்டா போன்ற நில ஆவணமாக வாசியுங்கள். இந்த மண் யாருடையதாக இருந்தது, கோயில் எந்தப் புனிதர் பெயரில் இருக்கிறது, ஊர் நீதிமன்றம் எந்த முத்திரையைக் குத்தியது, எல்லைக்கல்லில் எந்தக் குறி வெட்டப்பட்டிருந்தது: சின்னங்களில் பெரும்பாலானவை இந்த நான்கு கேள்விகளுக்கு விடையாக அமைந்தவை.

முதலில் வாசிக்கும் முறை. ஜெர்மன் மொழியில் இந்தச் சின்னத்துக்கு வாப்பன் என்று பெயர். அதற்கு ஒரு விவரணை வாசகம் உண்டு. அதை ப்ளாசோனீருங் என்பார்கள். சட்டப்படி அந்த வாசகம்தான் சின்னம். படம் அதன் ஒரு வரைவு மட்டுமே. அதனால் அலுவலகச் சுவரில் கருநீலமாகவும் தீயணைப்பு வண்டியில் வான்நீலமாகவும் இருந்தால் அது வேறு சின்னம் ஆகிவிடாது, நீலம் நீலம்தான். சிங்கத்தின் வால் சுருள் ஒரு படத்தில் மெலிந்தும் இன்னொன்றில் தடித்தும் இருப்பதற்கும் பொருள் எதுவும் கிடையாது. மாறாக, வாசகத்தில் "சிவப்பு முடி சூடிய" என்று இருந்து படத்தில் முடி இல்லாவிட்டால் அது பிழை.

வலமும் இடமும் புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம். கேடயத்தைப் பிடித்து அதன் பின்னால் நிற்பவருக்கு எது வலமோ அதுவே வாசகத்தில் வலம். பார்ப்பவருக்கு இடப்பக்கம் தெரியும் சிங்கத்தை வாசகம் "வலப்புறம்" என்று எழுதும். வலம்தான் மதிப்பு மிக்க பக்கம். ஆட்சியாளரின் சின்னம் அங்கேயோ மேலேயோ வரும், ஊரின் சொந்தக் குறி இடப்பக்கத்திலோ கீழேயோ வரும். உங்கள் ஊர்க் கேடயமும் அப்படித்தான் அமைந்திருக்கிறது: மேலே ஆண்டவர்கள், கீழே ஊர்.

நிறங்களில் பொன், வெள்ளி இரண்டும் உலோகங்கள். வரையும்போது மஞ்சளும் வெள்ளையும் போதும். சிவப்பு, நீலம், பச்சை, கறுப்பு ஆகியவை நிறங்கள். உலோகத்தின் மேல் உலோகம் வரக்கூடாது, நிறத்தின் மேல் நிறம் வரக்கூடாது என்பது அடிப்படை விதி. தொலைவிலிருந்து பார்த்தாலும் உருவம் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதுதான் காரணம். கறுப்பில் பொன் சிங்கம், சிவப்பில் வெள்ளிச் சாவி இரண்டும் விதிக்கு உட்பட்டவை. நாக்கு, நகம், முடி போன்ற சிறு பாகங்களுக்கு இந்த விதி கிடையாது. நீலத்தின் மேல் பச்சை மரம் நிற்கும் கேடயத்தைப் பார்த்தால், அது பிற்காலத்தில் விதி அறியாமல் வரையப்பட்டது என்று சந்தேகிக்கலாம்.

கல்லில் செதுக்கிய கேடயத்தில் நிறம் ஏது என்று கேட்கலாம். பேத்ரா சாங்க்தா என்ற இயேசு சபைத் துறவி 1638-இல் வெளியிட்ட நூலால் பரவிய கோட்டு முறை அதற்கு உதவும். புள்ளிகள் என்றால் பொன், வெறுமையாக விட்டால் வெள்ளி, செங்குத்துக் கோடுகள் சிவப்பு, கிடைக்கோடுகள் நீலம், பார்ப்பவரின் இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்குச் சரியும் கோடுகள் பச்சை, குறுக்கும் நெடுக்குமான வலைக்கோடுகள் கறுப்பு. கோயில் வாசல், கல்லறைப் பலகை, நெருக்கடிக் காலத்தில் ஊர்களே அச்சிட்ட பழைய அவசரப் பணத்தாள் எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். 1638-க்கு முந்திய கல்லில் கோடுகள் இருந்தால் அவை வெறும் அலங்காரம்; அவற்றை நிறமாகப் படிக்கக்கூடாது.

இனி சிங்கம். கறுப்புப் புலத்தில் சிவப்பு முடி சூடிய பொன் சிங்கம் என்றால் அது ரைன் ஆற்றின் இரு கரையிலும் பரவியிருந்த பழைய ஃபால்ட்ஸ் நாட்டின் சிங்கம். 1214-இல் அந்த நாடு, பவேரியாவை ஆண்ட விட்டல்ஸ்பாக் குலத்தின் கைக்கு வந்தது. வெள்ளி-நீலச் சாய்சதுரங்களும் அதே குலத்தினுடையவைதான். டான்யூப் கரையிலிருந்த போகன் பிரபுக்களின் ஆண் வழி 1242-இல் அற்றுப்போனபோது, அவர்கள் சொத்தோடு அவர்கள் சின்னமும் விட்டல்ஸ்பாக்குகளுக்கு வந்து சேர்ந்தது. ஒரு மியூனிக் கார் நிறுவனத்தின் வட்டத்திலும் பயர்ன் கால்பந்துக் குழுவின் இலச்சினையிலும் நாம் பார்க்கும் வெள்ளை-நீலம் இந்த வழியில் வந்ததே. ஆக, உங்கள் ஊர்க் கேடயத்தின் மேல் பாதி இரண்டு தனித்தனிக் கருத்துகள் அல்ல. "இந்த ஊர் ஹைடல்பெர்க்கிலும் பின்னர் மன்ஹைமிலும் அரசிருந்த ஃபால்ட்ஸ் தேர்வுரிமை இளவரசருக்கு உட்பட்டது" என்ற ஒரே வாக்கியம் அது. பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றவரே தேர்வுரிமை இளவரசர்.

ஆனால் சிங்கம் என்றாலே ஃபால்ட்ஸ் என்று எடுத்துக்கொண்டுவிடாதீர்கள். நீலத்தில் வெள்ளியும் சிவப்பும் பட்டையிட்ட சிங்கம் ஹெஸ்ஸன். நீலத்தில் பொன் சிங்கம், சுற்றிலும் சிறு பொன் செவ்வகங்கள் என்றால் நாசாவ். பொன்னில் சிவப்புச் சிங்கம் கட்செனெல்ன்போகன். வெள்ளியில் நீலச் சிங்கம் ஃபெல்டென்ஸ். பொன்னில் கறுப்புச் சிங்கத்தின் மேல் ஒரு வெள்ளிப் பட்டை சரிந்து ஓடினால் பாம்பெர்க் ஆயர்; அந்தக் காலத்தில் ஆயர்களும் நாடு ஆண்டார்கள். இவர்கள் யாருக்கும் சிங்கத்தின் நிறம் குணம் சொல்ல வந்ததல்ல. பக்கத்து நாட்டுச் சிங்கத்திலிருந்து வேறுபடுத்திக் காட்ட வந்தது. நிறத்தின் முதல் வேலை இதுதான். "சிவப்பு வீரம்" வகை விளக்கங்கள் பொருந்தாமல் போவதும் இதனால்தான்.

சிலுவைகளில் சிக்கல் இன்னும் அதிகம், ஏனென்றால் அங்கே நிறமும் ஒன்றாக இருக்கும். வெள்ளியில் கறுப்புச் சிலுவை என்றால் கொலோன் பேராயரின் நாடாக இருக்கலாம், ஃபுல்டா மடத்தின் நாடாக இருக்கலாம், டியூட்டானிக் படைத் துறவியர் சபையின் நிலமாகவும் இருக்கலாம். கீழ் ரைனிலும் பான் நகரைச் சுற்றியும் கண்டால் கொலோன் என்று தொடங்குங்கள், ர்யோன் மலைப்பகுதியில் ஃபுல்டா, மெர்கென்டைம் சுற்றுவட்டாரத்தில் துறவியர் சபை. அதுபோலவே வெள்ளியில் சிவப்புச் சிலுவை மோசெல் ஆற்றங்கரையில் ட்ரியர் பேராயர், போடன்சே ஏரிக்கரையில் கான்ஸ்டன்ஸ் ஆயர். நீலத்தில் வெள்ளிச் சிலுவை ஸ்பையர் ஆயர். வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் சிலுவைக்குப் பொருள் சொல்ல முடியாது.

மற்ற ஆட்சியாளர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொன்னில் சரிந்த சிவப்புப் பட்டை பாடன். பொன்னில் மூன்று கறுப்பு மான்கொம்புகள் வூர்ட்டம்பெர்க். போர்ஷே காரின் முகப்பில் குதிரையைச் சுற்றி இருப்பவை இவையே. வெள்ளியும் கறுப்புமாக நான்காகப் பகுத்த கேடயம் ஹோஹென்சோலர்ன். சிவப்பில் மேல்நோக்கிய மூன்று வெள்ளிக் கூர்கள் வூர்ட்ஸ்பூர்க் ஆயரின் "ஃப்ராங்கோனிய வாரி". வெள்ளியில் சிவப்பு ஓநாய் பாஸாவ் ஆயர். பொன்னில் மூன்று சிவப்பு முகட்டுப் பட்டைகள் ஹானாவ். சதுரங்கக் கட்டங்கள் ஸ்பொன்ஹைம். நீலமும் பொன்னும் என்றால் அந்த நாட்டின் முன் பகுதி, சிவப்பும் வெள்ளியும் என்றால் பின் பகுதி. ரைன்லாண்ட்-ஃபால்ட்ஸ் மாநிலத்தின் 1948-ஆம் ஆண்டுச் சின்னத்தைப் பார்த்தால் ட்ரியர் சிலுவை, மைன்ஸ் சக்கரம், ஃபால்ட்ஸ் சிங்கம் மூன்றும் ஒரே கேடயத்தில் இருக்கும். அந்த மாநிலத்து ஊர்களில் சுற்றும்போது இந்த மூன்றும் திரும்பத் திரும்ப வரும்.

பவேரியாவில் பொன் புலத்தில் முடி சூடிய கறுப்பின மனிதரின் தலை வந்தால் அது ஃப்ரைசிங் ஆயரின் சின்னம். மியூனிக்குக்கு வடக்கே இஸ்மானிங் ஊரில் இதைக் காணலாம். அந்த ஊரில் ஆப்பிரிக்கர் யாரோ வாழ்ந்ததன் அடையாளமாக அதை வாசிப்பது தவறு; 1803-க்கு முன்வரை ஆயரின் நிலம் என்பதே செய்தி. கோபுர்க் நகரத்தின் கறுப்புத் தலை வேறு; அது புனித மவுரீசியஸ். நாஜிகள் 1934-இல் அதை நீக்கிவிட்டு ஸ்வஸ்திகா பொறித்த வாளை வைத்தார்கள். 1945-இல் பழைய சின்னம் திரும்ப வந்தது.

சக்கரத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒரே உருவம் எத்தனை திசைக்கு இழுக்கும் என்பதற்கு அதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடையாது. சிவப்பில் ஆறு ஆரங்கள் கொண்ட வெள்ளிச் சக்கரம் மைன்ஸ் பேராயரின் நாடு. மைன்ஸ் நகரத்துக்கு என்றால் இரண்டு சக்கரங்கள், நடுவே ஒரு சிலுவை அவற்றை இணைக்கும். ஊர்களில் வருவது ஒற்றைச் சக்கரம். மைன்ஸிலிருந்து வெகு தொலைவில், துரிங்கியாவின் ஐஷ்ஸ்ஃபெல்ட் பகுதியிலும் எர்ஃபுர்ட்டிலும் அதே சக்கரம் தென்பட்டால் வியக்க வேண்டாம், அவையும் மைன்ஸ் பேராயரின் உடைமைகளாக இருந்தவை. 975 முதல் 1011 வரை பேராயராக இருந்த வில்லிகிஸ் வண்டிச் சக்கரம் செய்பவரின் மகன், அதனால்தான் சக்கரம் என்று ஒரு கதை உண்டு. கேட்க இனிமையானது. ஆனால் கேடயச் சின்ன வழக்கமே 12-ஆம் நூற்றாண்டில்தான் பிறந்தது. வில்லிகிஸுக்குச் சின்னம் இருந்திருக்க வழியில்லை.

இப்போது சக்கரத்தின் விளிம்பைப் பாருங்கள். விளிம்பில் கத்திகள் நீட்டிக்கொண்டு, ஒரு பக்கம் உடைந்திருந்தால் அது அலெக்சாந்திரியாவின் புனித கத்தரீனா. ஊர்க் கோயில் அவர் பெயரில் இருக்கும். விளிம்பில் சதுரத் தட்டுகள் இருந்தால் நீர் ஆலைச் சக்கரம். ஓடையும் ஆலையும் இருந்த ஊர், பல வேளைகளில் அருகிலேயே அலையலையான ஒரு பட்டையும் இருக்கும். பற்கள் நெருக்கமாக இருந்தால் எந்திரப் பல்சக்கரம், 19 அல்லது 20-ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலை. ஆறு ஆரங்கள், வழுவழுப்பான விளிம்பு, ஆனால் வெள்ளியில் கறுப்பு என்றால் ஓஸ்னாப்ரூக் நகரம். இவற்றையெல்லாம் சரிபார்க்காமல் "சக்கரம் முன்னேற்றத்தைக் குறிக்கும்" என்று எழுதுவது அந்த ஊரின் எண்ணூறு ஆண்டு வரலாற்றைத் துடைத்துவிடுவதற்குச் சமம்.

புனிதர்களின் அடையாளப் பொருள்கள் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்கு எளிதில் பிடிபடும். அம்புகள் செபஸ்தியார், டி வடிவச் சிலுவையும் மணியும் வனத்து அந்தோணியார், பெருக்கல் குறி போன்ற சிலுவை அந்திரேயா, சிப்பி யாக்கோபு, வாளால் வெட்டிய மேலாடை மார்ட்டின். தடுமாற வைப்பவை வேறு சில. கைப்பிடி வைத்த சன்னல்போலவோ குட்டை ஏணிபோலவோ தெரிவது லாரன்ஸ் சுடப்பட்ட இரும்புக் கம்பிச் சட்டம். மூன்று பொன் உருண்டைகள் நிக்கோலாஸ். ஆப்பிள் பழங்கள் என்று ஊர்க்காரர்களே சொல்வதுண்டு. மூன்று வெள்ளை உருண்டைகள் ஒழுங்கற்று இருந்தால் ஸ்தேவானைக் கொன்ற கற்கள். வளைந்த தலையுள்ள கோல் பொதுவாக மடத்தைச் சுட்டும்: மடத்தலைவர் நிலவுடைமையாளராக இருந்திருப்பார். ஊர் இன்று முழுக்க சீர்திருத்தச் சபையைச் சேர்ந்ததாக இருந்தாலும் புனிதரின் பொருள் கேடயத்தில் இருக்கலாம். முத்திரை சீர்திருத்தத்துக்கு முந்தியது, மதம் மாறியபோது முத்திரையை மாற்ற யாரும் முனையவில்லை.

அடுத்தது ஊரின் சொந்தக் குறி. இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது, ஏனென்றால் இங்கேதான் பிரபுவும் ஆயரும் விலகி ஊர்க்காரர்கள் தெரிகிறார்கள். ஃபால்ட்ஸ், பாடன், வூர்ட்டம்பெர்க் பகுதிகளில் ஒவ்வோர் ஊரும் தன் எல்லைக்கல்லில் எளிய கோட்டுக் குறி ஒன்றை வெட்டியது. சூலக்கல் நட்டு நிலம் வகுத்த வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. எழுத்தறியாதவருக்கும் புரிய வேண்டும், உளியால் சில நிமிடங்களில் வெட்ட முடிய வேண்டும். எனவே லாடம், சாவி, ஏர்க்கொழு, கொக்கி, சிலுவை, ஊர்ப் பெயரின் முதல் எழுத்து போன்றவையே வந்தன. ஊர்த் தலைவரும் நடுவர்களும் அமர்ந்த ஊர் நீதிமன்றம் முத்திரை செய்தபோது அதே குறியைப் பதித்தது. ஃபால்ட்ஸ் ஊர்களின் 18-ஆம் நூற்றாண்டு முத்திரைகளில் மேலே சிங்கம், கீழே ஊர்க்குறி என்ற அமைப்பு மிகச் சாதாரணம்.

மன்ஹைம் இதற்கு அருமையான சான்று. இன்று பெருநகரமாக இருக்கும் அதற்கு 1607-இல்தான் நகர உரிமை கிடைத்தது. அதன் கேடயத்தில் ஒரு பக்கம் ஃபால்ட்ஸ் சிங்கம், மறுபக்கம் பொன்னில் சிவப்பாக இரு முனையும் வளைந்த கொக்கி. ஓநாய்க் கொக்கி எனப்படும் அது, மன்ஹைம் கிராமமாக இருந்த காலத்து எல்லைக்குறி. இந்தக் கொக்கியை நாஜிப் படைப்பிரிவு ஒன்றும் தன் சின்னமாக எடுத்துக்கொண்டதால், அதைப் பார்த்ததும் பலர் திடுக்கிடுகிறார்கள். தீவிர வலதுசாரி அமைப்புகளின் அடையாளமாக அதைக் காட்டுவது ஜெர்மனியில் தண்டனைக்குரியது. பழைய ஊர்க் கேடயத்தில் இருப்பது எல்லைக்குறி, அது சட்டப்படி செல்லும்.

ஊர்க்குறிகளில் கருவிகளைப் பிரித்தறிவது நுட்பமான வேலை. முக்கோணமாக அகன்று, குச்சி செருகத் துளை உள்ளது கொழு. அதைச் சிறு கேடயம் என்றோ ஈட்டிமுனை என்றோ எண்ணிவிடுவார்கள். கத்திபோல நீண்டது, கொழுவுக்கு முன்னே மண்ணைக் கீறும் இரும்பு. திராட்சை ஊர்களில் வரும் வளைந்த கத்தி கதிர் அரிவாள் அல்ல, கொடி நறுக்கும் கத்தி. பழைய வகையில் அதன் முதுகில் சிறு கோடரி போன்ற புடைப்பு இருக்கும். பெருக்கல் குறியை இரட்டை நங்கூரமாக்கியதுபோல் இருப்பது, மேல் ஆலைக்கல்லைச் சுழல்தண்டோடு பிணைக்கும் இரும்பு. குறுக்காக வைத்த சுத்தியும் உளிச்சுத்தியும் சுரங்கம். மீன் மட்டும் இரட்டை வேடம் போடும்: மீன்பிடி ஊராகவும் இருக்கலாம், முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு பொன் மீன்கள் சிவப்பில் இருந்தால் மியோம்பெல்கார்ட் பிரபுக்களாகவும் இருக்கலாம்.

பெயரையே படமாக்கிய கேடயங்களும் ஏராளம். மியூனிக்கின் துறவி, எபர்பாகின் காட்டுப்பன்றி, ஸ்டுட்கார்ட்டின் குதிரை எல்லாம் இந்த வகை. அஃபால்டர்பாக் ஊரின் கேடயத்தில் ஆப்பிள் மரம் நிற்கிறது. "அஃபால்டர்" என்பது ஆப்பிள் மரத்துக்குப் பழைய ஜெர்மன் சொல், "பாக்" ஓடை. அங்கே கார் எந்திரம் செய்யும் ஏஎம்ஜி நிறுவனமும் அந்த மரத்தைத் தன் முத்திரையில் வைத்திருக்கிறது. நோய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை இருக்கும் ஷ்வாங்காவ் ஊரின் சின்னம் அன்னம், "ஷ்வான்" என்றால் அன்னம். அதன் பழமையும் உறுதியானது: 14-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுதப்பட்டு இன்று ஹைடல்பெர்க் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் பாடல் சுவடியில், அவ்வூர்ப் பிரபுவான ஹில்ட்போல்ட் என்ற காதற்பாடகர் அன்னச் சின்னத்தோடு வரையப்பட்டிருக்கிறார்.

படம் பெயரை விளக்குகிறது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள். பெர்லினின் கரடி பெயரின் ஓசைக்காக வந்தது. பெயரோ சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ஸ்லாவியச் சொல்லிலிருந்து பிறந்தது. மறுபுறம், பெயரில் பன்றி இருக்கும் ஷ்வைன்ஃபூர்ட் நகரத்தின் கேடயத்தில் பன்றியே கிடையாது, வெள்ளிக் கழுகு இருக்கிறது. பேரரசருக்கு நேரடியாகக் கட்டுப்பட்ட நகரம் என்ற தகுதியைக் காட்ட அவர்களுக்குக் கழுகு தேவைப்பட்டது.

காலத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. "எங்கள் ஊர் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சின்னமும் அவ்வளவு பழையது" என்று பெருமையாகச் சொல்வார்கள். முதல் எழுத்துச் சான்றின் ஆண்டு வேறு, சின்னத்தின் ஆண்டு வேறு. கிராமங்களின் கேடயங்களில் மிகப் பெரும்பாலானவை இன்றைய வடிவத்தை 20-ஆம் நூற்றாண்டில்தான் பெற்றன. பாடனில் 1900-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கார்ல்ஸ்ரூவ ஆவணக்காப்பகம் கிராமம் கிராமமாகச் சின்னம் முன்மொழிந்தது. அன்று பவேரியாவோடு இருந்த ஃபால்ட்ஸ் ஊர்களுக்கும் அதே நூற்றாண்டின் முற்பாதியில் பல சின்னங்கள் வந்தன. மியூனிக் அருகே வாழ்ந்த ஓட்டோ ஹுப் என்ற ஓவியரின் வரைவுகள் காஃபி ஹாக் நிறுவனத்தின் ஒட்டுப்பட ஆல்பங்கள் வழியே வீடு வீடாகப் பரவின. பழைய முத்திரையில் உருவம் உண்டு, நிறம் கிடையாது. ஆகவே கிராமக் கேடயத்தின் நிறங்களில் பல, ஆவணக்காப்பகத்து மேசையில் முடிவானவை.

1960-களின் இறுதியிலும் 1970-களிலும் மேற்கு ஜெர்மனியில் ஊர்களை இணைத்தார்கள். சுமார் 24,000 ஊராட்சிகள் சுமார் 8,500 ஆகச் சுருங்கின. இணைந்த ஊருக்குப் புதுச் சின்னம் வேண்டும், எந்த உறுப்பு ஊரும் விடுபட்டதாக வருந்தக்கூடாது. அதற்கு எளிய வழி எண்ணிக்கை: ஐந்து ஊர் என்றால் ஐந்து கதிர், ஐந்து விண்மீன், ஐந்து இலை. ஒரே பொருள் விளக்கமின்றி மூன்று, நான்கு, ஐந்து முறை வந்தால் இணைப்பைத் தேடுங்கள். 1990-க்குப் பின் கிழக்குப் பகுதி ஊர்களும் நிறையச் சின்னங்கள் செய்துகொண்டன. இந்தப் புதியவற்றில் பச்சை காட்டையும் நீலம் ஆற்றையும் குறிப்பதாக வடிவமைத்தவரே எழுதி வைத்திருப்பார். நிறத்துக்குப் பொருள் சொல்ல அங்கே உரிமை உண்டு, ஏனென்றால் கோப்பில் அப்படி இருக்கிறது. மியூனிக்கின் வடக்கே கார்ஹிங் கேடயத்தில் 1957-இல் இயங்கத் தொடங்கிய ஆய்வு அணு உலையின் முட்டைவடிவக் கூரையே இருக்கிறது.

புதிய சின்னங்களில் கெடுவது பெரும்பாலும் அளவுக்கு மீறிய ஆசையால். கோயில், ஆலை, ஆறு, மலை, கதிர் எல்லாம் வேண்டும் என்று ஊர்மன்றம் கேட்கும். முடிவில் கிடைப்பது அஞ்சலட்டைக் காட்சி. ஊரின் அலுவல் முத்திரையில் நாணயம் அளவுக்குச் சுருக்கி, கறுப்பு-வெள்ளையில் அச்சிட்டுப் பாருங்கள். உருவம் தெரியாவிட்டால் வடிவம் தோற்றது. ஆழம் காட்டும் கோயில் படம், எழுத்து, ஆண்டு எண், நிழல், இயற்கை வண்ணம் ஆகியவற்றை ஆவணக்காப்பகங்கள் மறுப்பதற்கும் இதுவே காரணம். கிராமக் கேடயத்துக்கு மேல் தலைக்கவசமும் இறகும் இருந்தால் அது பெரும்பாலும் ஊருடையது அல்ல, அங்கிருந்த பிரபுக் குடும்பத்தினுடையது.

இனி உங்கள் சாவிக்கு வருகிறேன். மூன்று வாய்ப்புகள். முதலாவது, ஊர்க் கோயில் பேதுரு பெயரில் இருப்பது. இரண்டாவது, வோர்ம்ஸ். அந்நகரப் பேராலயத்தின் காவலர் பேதுரு என்பதால் அங்கே சாவிதான் சின்னம். ஆனால் வோர்ம்ஸ் ஆயரின் சாவி கறுப்புப் புலத்தில் சரிந்து நிற்கும், சுற்றிலும் பொன் செவ்வகங்கள் சிதறிக் கிடக்கும். நகரத்தின் சாவி சிவப்பில் இருக்கும், கூடவே ஒரு பொன் விண்மீன் வரும். உங்கள் ஊரில் செவ்வகமும் இல்லை, விண்மீனும் இல்லை. எனவே வோர்ம்ஸை முதலில் கையில் எடுக்க மாட்டேன். மூன்றாவது, சாவி வெறும் எல்லைக்குறியாக இருப்பது. முதலும் மூன்றும் சேர்ந்தே நிகழ்ந்திருக்கவும் கூடும்: கோயிலின் புனிதரே எல்லைக்கல்லுக்கும் போயிருப்பார். சிவப்புக்குத் தனிப் பொருள் இருக்க வாய்ப்பு குறைவு. வெள்ளிச் சாவிக்குக் கீழே ஒரு நிறம் வேண்டும். கறுப்பும் நீலமும் மேலே செலவாகிவிட்டன. மிஞ்சுவது சிவப்பும் பச்சையும்தான்.

உறுதி செய்ய இந்த வரிசையில் போங்கள். ஊராட்சி இணையதளத்திலோ அலுவலகத்திலோ விவரணை வாசகத்தையும், சின்னம் அனுமதிக்கப்பட்ட ஆண்டையும் கேளுங்கள். சாவியின் பல் மேலே இருக்கிறதா கீழே இருக்கிறதா, எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் அந்த வாசகத்தில் இருக்கும். பிறகு கோயில் யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். இன்றைய கட்டடம் புதிதாக இருந்தால் இடைக்காலக் கோயிலின் பெயரைத் தேட வேண்டும். மூன்றாவதாக, பிரெஞ்சுப் படைகள் வருவதற்கு முன், 1790 வாக்கில், ஊர் யார் கையில் இருந்தது என்று பாருங்கள். ரைனின் இடக்கரையில் பழைய ஆட்சிகள் அந்தப் பத்தாண்டோடு முடிந்தன, வலக்கரையில் 1803-ஐ ஒட்டி. அனுமதிக் கோப்புக்கும் முத்திரைப் பதிவுகளுக்கும் ஸ்பையரில் உள்ள மாநில ஆவணக்காப்பகத்துக்கு எழுதலாம். ஃபால்ட்ஸ் ஆட்சியின் பழைய ஆவணங்களில் ஒரு பகுதி கார்ல்ஸ்ரூவவில் இருக்கிறது. ஊர்ப் பெயர், மாவட்டம், தேடும் பொருள் "ஊர் நீதிமன்ற முத்திரை, 18-ஆம் நூற்றாண்டு அல்லது அதற்கு முன்" என்று மூன்று வரியில் கேட்டால் போதும். பவேரிய ஊர் என்றால் பவேரிய வரலாற்று இல்லத்தின் இணையத் தரவுத்தளத்திலும், ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் ஊர் என்றால் அம்மாநிலச் சின்னப் பதிவேட்டிலும் வாசகமும் வரலாறும் வீட்டிலிருந்தே கிடைக்கும்.

சின்னத்தைத் துண்டறிக்கையிலோ சங்க அழைப்பிதழிலோ அச்சிட எண்ணினால் முதலில் ஊராட்சியிடம் எழுத்தில் அனுமதி பெறுங்கள். பதிப்புரிமைத் தடை இல்லாவிட்டாலும், ஜெர்மன் உரிமையியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தரும் பெயருரிமை ஊர்க் கேடயத்தையும் காக்கிறது.

அப்படியே வயலோரம் நடந்து ஊர் எல்லையில் பழைய மணற்கற்களைத் தேடுங்கள். மாலை வெயில் சாய்வாக விழும்போது பாருங்கள், தேய்ந்த வெட்டும் அப்போது நிழலில் தெரியும். உங்கள் ஊரை நோக்கிய முகத்தில் சாவி இருந்தால் அது ஊரின் சொந்தக் குறி. கல்லைத் தொட்டு அசைக்கவோ சுரண்டவோ வேண்டாம். எல்லைக்கல்லை நகர்த்துவது இன்றும் குற்றம்.